மூன்றாம் தொட்டி

வாசலில் ஒரு பலகை:
விபத்தில்லா நாட்கள்.
மூன்று எண்கள் மாட்ட மூன்று கொக்கி.
காலை ஆறு ஐம்பதுக்கு
நேற்றைய எண்ணைக் கழற்றி
இன்றைய எண்ணை மாட்டுவது என் வேலை.
இன்று நானூற்றுப் பன்னிரண்டு.
நாலின் பெயின்ட் உரிந்துவிட்டது;
ராணிப்பேட்டை வெயிலுக்கு
எண்ணென்றும் எழுத்தென்றும் பேதமில்லை.
ஒப்பந்த ஆட்களின் நசுங்கிய விரல்கள்
இந்தக் கணக்கில் வராது.
அவற்றுக்குத் தனி நோட்டு.

பயிற்சிக்கூடம் என்று பெயர்,
பழைய சைக்கிள் ஷெட்.
ஐ.டி.ஐ. முடித்து வந்த பதினாலு பேர்.
கோதண்டபாணியின் தலைக்கு
எந்த ஹெல்மெட்டும் சேரவில்லை,
மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.
பலகையில் தொட்டி வரைகிறேன்.
மேலே மூடி. அடியில் தோல் கழுவிய சகதி.
நடுவில் இருப்பதை வரைய முடியாது.
அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பயப்படுங்கள்.
வந்த நாற்றம் நின்றுபோனால்
இன்னும் பயப்படுங்கள்.
மூக்கு முதலில் போகும்,
பின்னாலேயே ஆள்.

சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

உள்ளே ஒருத்தன் விழுந்து கிடக்கிறான்,
உன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவன்.
என்ன செய்வாய்?
"எறங்குவோம் மேடம்."
பதினாலு பேருக்கும் ஒரே வாய்.
தப்பு, என்கிறேன்.
சங்கை ஊது.
மூச்சுக் கருவி வரும்வரை
நில்.
அந்த ஒரு சொல்லில் மட்டும்
சாக்பீஸ் உடைந்துவிடுகிறது எனக்கு,
ஒவ்வொரு பேட்ச்சுக்கும்.

பலகை பூஜ்யமான நாளில்
மூன்றாம் தொட்டியில் விழுந்தவன் சபியுல்லா.
நிற்காமல் இறங்கியவன் வேதமுத்து.

ஈச்சந்தாங்கல், கம்பெனி தத்தெடுத்த ஊர்.
கிணற்றில் மஞ்சள் ஏறியது
எங்களாலா, பக்கத்து ஆலையாலா,
கோப்பு இன்னும் நடக்கிறது.
அதற்குள் எங்கள் பெயர் எழுதிய நீல டேங்க்
வந்துவிட்டது, குடம் ஐந்து ரூபாய்.
மாதத்தில் ஒரு சனிக்கிழமை
கண் பரிசோதனை, பிள்ளைகளுக்கு நோட்டு,
கேஸ் சிலிண்டர் பற்றி என் பேச்சு.
தண்ணீர் டேங்கைப் பார்த்துக்கொள்வது கஸ்தூரி.
வேதமுத்துவின் சம்சாரம்.
கம்பெனி கொடுத்த வேலை.

அன்று கூட்டம் கலைந்தபின்
குழாயை மூடிவிட்டு வந்தாள்.
"பசங்களுக்கு நில்லுன்னு சொல்றீங்களாமே."
ஆமாம் என்றேன், தரையைப் பார்த்து.
"நல்லதுதான்.
நின்னா, அந்த மூச்சு மிசினு
எம்மா நேரத்துல வரும்?"
மூன்று நிமிஷம் என்றேன்.
அப்படித்தான் புத்தகத்தில் இருக்கிறது.
"அன்னிக்கி எங்க இருந்துச்சு?"
ஸ்டோரில்.
"ஸ்டோரு?"
பூட்டியிருந்தது.
"சாவி?"
சாவி வாலாஜாவுக்கு
டீத்தூள் வாங்கப் போயிருந்தது,
ஒருவரின் சட்டைப் பையில்.

அவள் அழவில்லை.
ஐந்து ரூபாய்களைப் பத்துப் பத்தாக அடுக்கி
ரப்பர் பேண்ட் போட்டாள்.

பூட்டை எடுக்கச் சொல்லி மூன்று கடிதம் எழுதினேன்.
திருட்டுப் போகும் என்றது ஒரு பதில்.
ஆடிட் முடியட்டும் என்றது இன்னொன்று.
மூன்றாவதற்குப் பதிலே இல்லை.

இன்று தொட்டி வரையவில்லை.
பதினாலு பேரையும் ஸ்டோருக்கு அழைத்துப் போனேன்.
கம்பி வெட்டும் கத்திரியைக்
கோதண்டபாணி பிடித்தான்.
ஒரே அழுத்தம்,
பூட்டு சிமென்ட் தரையில் துள்ளி
யாரோ ஒருவன் பூட்ஸில் பட்டு நின்றது.
பிறகு ஒவ்வொருவனாக
கதவைத் திற, கருவியை எடு, ஓடு என்றேன்.
முதல் ஆளுக்கு நாலு நிமிஷம் பத்து நொடி.
மறுபடி.
மூன்றே கால்.
மறுபடி.

வெயில் ஏறியபிறகுதான் ஞாபகம் வந்தது,
வாசலில் எண் மாற்றவில்லை.
நேற்றைய நாளே தொங்கிக்கொண்டிருந்தது.
ஷிப்ட் முடிந்து போன யாரும்
அண்ணாந்து பார்க்கவில்லை.